தீவுல மாட்டிக்கிட்ட போவா ஏன் குட்டியாச்சு?

ஐலண்ட் போவா, அதாவது தீவுல வாழற போவா பாம்பு, அதோட போட்டோ ஒண்ணு யாராவது போட்டா போதும், கீழ வர்ற முதல் கேள்வி எப்பவும் "இது குட்டியா?" தான். குட்டி இல்லங்க, அது பல வருஷம் வளந்து முடிஞ்ச பாம்பு, ரெண்டு மூணு தடவ குட்டி கூட போட்டிருக்கும், அதோட முழு சைஸே அவ்ளோ தான். அது ஏன் அப்படிங்கறத புரிஞ்சுகிட்டா இந்த பாம்புங்கள எப்படி வளக்கறாங்க, எப்படி காப்பாத்தறாங்க, ஏன் சில தீவுல அழிஞ்சே போச்சுன்னு எல்லாமே தன்னால புரிஞ்சிடும், அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கறேன்.

அதுக்கு முன்னாடி போவான்னா என்னன்னு சொல்லிடணும், ஏன்னா பாதி பேர் மலைப்பாம்போட குழப்பிக்கறாங்க. ரெண்டுக்கும் விஷம் கிடையாது, ரெண்டும் இரைய சுத்தி இறுக்கி தான் கொல்லும். ஆனா மலைப்பாம்பு முட்டை போட்டு அடைகாக்கும், போவா பெரும்பாலும் நேரா குட்டி போடும். மண்ணுளிப் பாம்பு தெரியும்ல, ரெட்டத் தலைன்னு கதை கட்டி விடுவாங்களே, அது கூட போவா வகையறா தான். குட்டி போடறது தீவு விஷயத்துல ரொம்ப முக்கியம், ஏன்னா வெள்ளத்துல அடிச்சிட்டு வந்த ஒரு மரத்துல சினையா இருக்கற ஒரே ஒரு பெண் பாம்பு ஒட்டிக்கிட்டு வந்து கரை ஒதுங்கினா போதும், புதுசா ஒரு குடும்பமே ஆரம்பிச்சிடலாம். கரீபியன் தீவுகள்ல இருக்கற கிலாபோத்ரஸ்ங்கற போவா கூட்டத்தோட முன்னோருங்க ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி இந்த மாதிரி கடல தாண்டி வந்தவங்க தான். இன்னொரு வழி இன்னும் சுலபம், பாம்பு எங்கயும் போகவே வேணாம், கடலே வந்து சுத்தி வளச்சிடும். கடைசி பனி யுகத்துல, அதாவது சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னாடி, கடல் மட்டம் இப்ப இருக்கறத விட 120 மீட்டர் கிட்ட கீழ இருந்துச்சு, கரைக்கு பக்கத்துல இருக்கற நிறைய தீவு அப்ப சாதாரண குன்று. பனி உருகி தண்ணி ஏறினதும் குன்று தீவாயிடுச்சு, அங்க இருந்த பாம்பு அங்கயே மாட்டிக்கிச்சு.

மாட்டிக்கிட்டதும் முதல் பிரச்சனை சாப்பாடு. மத்திய அமெரிக்காவுல பெருநிலத்துல இருக்கற போவா சின்ன வயசுல பல்லி, எலி, அப்புறம் வளர வளர பெரிய பறவை, ஒப்போசம்ங்கற பாலூட்டின்னு படிப்படியா பெரிய இரைக்கு மாறிக்கிட்டே போகும். தீவுல அந்த மேல் படிக்கட்டே கிடையாது. பெலீஸ் நாட்டு கரையோரம் இருக்கற குட்டி குட்டி தீவுகள்ல இருக்கறது பல்லி, ஓணான், அப்புறம் வருஷத்துல ரெண்டு சீசன் வந்து இறங்கற வலசை பறவை, அதுவும் கைக்குள்ள அடங்கற சைஸ். பாம்பு எதையும் கடிச்சு துண்டாக்கி திங்காதுல்ல, முழுசா தான் முழுங்கும், அதனால வாய்க்குள்ள போற சைஸ் தான் அதோட உலகம். சின்ன இரை மட்டும் இருக்கற இடத்துல பெரிய உடம்பு வச்சிருக்கறது வீண் செலவு, பெருசா வளந்தது பட்டினி கிடக்கும், சின்னதா நின்னது குட்டி போடும், அப்படியே தலைமுறை தலைமுறையா போனா அந்த தீவுல இருக்கறது எல்லாமே சின்னதாயிடும். பெருநிலத்துல பெண் போவா 2 மீட்டர தாண்டறது சாதாரணம், இந்த தீவுகள்ல பாதிக்கு மேல கொஞ்சம் வந்தாலே பெருசு. பாதி தானேன்னு நினைக்காதீங்க, நீளம் பாதியானா அகலமும் உயரமும் சேந்து தான் பாதியாகும், அதனால எடை எட்டுல ஒரு பங்கா இறங்கிடும். கையில தூக்கினா தான் அந்த வித்தியாசம் தெரியும்.

இங்க நியாயமா வர்ற சந்தேகம், சோறு போடாம வளத்தா எந்த பாம்பும் சின்னதா தானே இருக்கும், இது பட்டினியா பரம்பரையா? இதத்தான் ஸ்காட் போபேக்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் சோதிச்சு பாத்தாரு. தீவு தாய்க்கு பொறந்த குட்டிங்க, பெருநிலத்து தாய்க்கு பொறந்த குட்டிங்க, ரெண்டையும் லேப்ல ஒரே மாதிரி சூழ்நிலைல வளத்து அளந்தாரு. தீவு குட்டிங்க அப்பவும் மெதுவா தான் வளந்துச்சு. அதாவது சின்ன உடம்புங்கறது ரத்தத்துலயே எழுதியிருக்கு, நீங்க எவ்ளோ ஊட்டினாலும் அது பெருநிலத்து போவா ஆகாது, குண்டான தீவு போவா தான் ஆகும். (இத ஞாபகம் வச்சுக்கங்க, வளக்கற பகுதில திரும்ப வருவேன்.) அப்புறம் மரபணு பாத்தப்ப தெரிஞ்சது இன்னும் ஜோர், பெலீஸ் தீவுகளும் ஹோண்டுராஸ் தீவுகளும் தனித்தனியா, ஒண்ணுக்கொண்ணு தெரியாமலே, அதே குட்டி உடம்புக்கு வந்து சேந்திருக்கு. ஒரே கணக்குக்கு ரெண்டு பசங்க காப்பி அடிக்காம ஒரே விடை போட்ட மாதிரி.

அதுக்காக தீவுன்னாலே சுருக்கும்னு மனப்பாடம் பண்ணிடாதீங்க, இத தப்பா சொல்றவங்க நிறைய பேர். ஆஸ்திரேலியாவுக்கு கீழ மவுண்ட் சாப்பல்னு ஒரு தீவு, அங்க இருக்கறது டைகர் ஸ்நேக், போவா இல்ல, நல்ல விஷப்பாம்பு. அது பெருநிலத்து சொந்தக்காரங்கள விட பெருசு. ஏன்னா அங்க மட்டன்பேர்டுன்னு ஒரு கடல் பறவை கூட்டம் கூட்டமா கூடு வைக்கும், அதோட குஞ்சு கொழுகொழுன்னு இருக்கும், கிடைக்கறது வருஷத்துல சில வாரம் தான். அந்த சில வாரத்துல வாய் பெருசா இருக்கறவன் நல்லா தின்னுட்டு மீதி வருஷத்த கொழுப்புலயே ஓட்டிடுவான். ஆக சுருக்கறதும் பெருக்கறதும் கடல் இல்ல, மெனு.

இப்ப ஐலண்ட் போவா உலகத்தோட ஸ்டாருக்கு வரேன். ஹோண்டுராஸ் நாட்டுக்கு வடக்க கரீபியன் கடல்ல காயோஸ் கோச்சினோஸ்னு ஒரு தீவுக்கூட்டம், ஸ்பானிஷ்ல பன்னித் தீவுகள், அதனால தான் வளக்கறவங்க வாயில இது ஹாக் ஐலண்ட் போவா. ரெண்டு சுமாரான தீவு, கூட 13 குட்டி திட்டு, எல்லாத்தையும் சேத்தாலும் நிலம் சுமார் 2 சதுர கிலோமீட்டர் தான் வரும். பாம்பு பிங்க்கும் சாம்பலும் கலந்த ஒரு மங்கின கலர், வால் பக்கம் குதிரைச் சேணம் மாதிரி இருக்கற பட்டை செங்கல் ஆரஞ்சு. ஆனா உண்மையான விஷயம் ராத்திரி தான். பகல்ல அழுக்கு சாம்பலா இருக்கற அதே பாம்ப ராத்திரி லைட் அடிச்சு பாத்தீங்கன்னா வெளுத்து, கிட்டத்தட்ட பால்ல ரோஸ் ஊத்தின மாதிரி இருக்கும். முதுகுல இருந்த கருப்பு புள்ளி எல்லாம் யாரோ அழிரப்பர் போட்டு தேச்ச மாதிரி மங்கிடும். தோலுக்குள்ள மெலனோஃபோர்னு கருப்பு நிறமி வச்சிருக்கற செல் இருக்கு, அதுக்குள்ள நிறமி பரவினா பாம்பு கருக்கும், நடுவுல சுருங்கி ஒரு புள்ளியா நின்னா வெளுக்கும், அவ்ளோ தான் மேட்டர். புதுசா வாங்கினவங்க பாதி பேர் பாம்புக்கு உடம்பு சரியில்லன்னு பதறி போட்டோ அனுப்பறது இதுக்கு தான்.

இந்த கலரே அதுக்கு எமனாச்சு. 1970கள் கடைசில இருந்து 1980கள் வரைக்கும் பெட் வியாபாரத்துக்காக ஆயிரக்கணக்குல புடிச்சு ஏத்துமதி பண்ணிட்டாங்க. 2 சதுர கிலோமீட்டர் இடத்துல ஆயிரக்கணக்குல எடுத்தா என்ன மிஞ்சும், யோசிச்சு பாருங்க. 1993ல அந்த தீவுகள பாதுகாக்கப்பட்ட பகுதின்னு அறிவிச்சாங்க, அதுக்கப்புறம் ஆராய்ச்சியாளருங்க போய் வருஷா வருஷம் எண்ண ஆரம்பிச்சாங்க, புடிக்கறத நிறுத்தினதும் பாம்பு நல்லாவே மீண்டு வந்திருந்துச்சு. கரிஃபுனா மக்கள் அங்க தலைமுறையா மீன் புடிச்சு வாழறவங்க, அவங்கள கூட சேத்துக்காம அந்த தீவுல எந்த பாதுகாப்பும் நடக்காது.

எண்ணறதுன்னு சொன்னேன்ல, புதருக்குள்ள அசையாம கிடக்கற பாம்ப எப்படி எண்ணுவாங்க? ஒரு சின்ன கணக்கு தான். முதல் ட்ரிப்ல 50 பாம்பு புடிச்சு ஒவ்வொண்ணு தோலுக்கடியிலயும் அரிசி சைஸ்ல ஒரு சிப் வச்சு விட்டுட்டீங்கன்னு வைங்க. அடுத்த ட்ரிப்ல 40 கிடைக்குது, அதுல 10 மேல வச்சப்ப ஸ்கேனர் பீப் அடிக்குது. அதாவது கிடைக்கறதுல நாலுல ஒண்ணு நம்ம சிப் வச்சது, அப்ப நாம வச்ச 50ங்கறது மொத்தத்துல நாலுல ஒரு பங்கு, ஆக தீவுல சுமார் 200 இருக்கு. நிஜத்துல இதவிட சிக்கலான ஃபார்முலா போடுவாங்க, இடையில எத்தன செத்துச்சு எத்தன பொறந்துச்சுன்னு எல்லாம் சேப்பாங்க, ஆனா அடிப்படை இது தான். அதே பாம்பு ரெண்டு வருஷம் கழிச்சு திரும்ப கிடைச்சா எவ்ளோ வளந்துச்சு, எவ்ளோ தூரம் நகந்துச்சுன்னும் ஃப்ரீயா தெரிஞ்சிடும்.

ஆள் புடிக்கறத சட்டம் போட்டு நிறுத்தலாம். தீவு பாம்போட பெரிய எதிரி சட்டம் படிக்காத ஆளு, எலியும் பூனையும் கீரியும். தீவுல பல ஆயிரம் வருஷம் தன்ன தின்ன வர்ற பாலூட்டியே இல்லாம வாழ்ந்த பாம்புக்கு ஒளியணும், ஓடணும்னே தோணாது. ஜமைக்காவுல 1872ல டபிள்யூ. பி. எஸ்பியூட்னு ஒரு கரும்புத் தோட்டக்காரர் எலித் தொல்லை தாங்காம இந்தியாவுல இருந்து 9 கீரிய கப்பல்ல வரவழைச்சாரு, ஆமாங்க நம்ம கீரி தான். எலி ராத்திரி ஆளு, மரம் ஏறும், கீரி பகல் ஆளு, தரையில சுத்தும், ரெண்டும் சரியா சந்திச்சுக்கவே இல்ல. கீரி தரையில இருந்த பறவை, பல்லி, பாம்புன்னு எல்லாத்தையும் தின்னு தீத்துச்சு. மஞ்சள் பாம்புன்னு அங்க கூப்பிடற ஜமைக்கன் போவா ஒரு காலத்துல தீவு பூரா இருந்தது, இப்ப துண்டு துண்டா சில காட்டுல தான்.

இதுக்கு நேர் எதிரா ஒரு கதை மொரீஷியஸ்ல. அங்க வடக்க சுமார் 22 கிலோமீட்டர் தள்ளி ரவுண்ட் ஐலண்ட்னு 219 ஹெக்டேர்ல ஒரு எரிமலைத் தீவு. பெரிய தீவுல எலி வந்து பாம்ப எல்லாம் முடிச்சப்புறம் இந்த ஒரு இடத்துல மட்டும் எலி கால் வைக்கல, அதனால ரெண்டு வகை பாம்பு தப்பிச்சு நின்னுச்சு. பேரு ரவுண்ட் ஐலண்ட் போவா, ஆனா கறாரா பாத்தா இதுங்க போவாவே இல்ல, போலியேரிடேன்னு தனிக்குடும்பம், அதுல மிஞ்சி இருக்கறது முட்டை போடும். ஆனா பழகின பேர யாரு மாத்துவா. எலி வரல சரி, ஆடும் முயலும் வந்திடுச்சு, 19ஆம் நூற்றாண்டுல மனுஷங்களே கொண்டு போய் விட்டது. ஆடு பாம்ப திங்குமா என்ன? திங்காது, செடிய திங்கும். செடி போச்சு, பனை மரத்தோட கன்னு போச்சு, வேர் இல்லாத மண்ண மழை கடலுக்கு அடிச்சிட்டு போச்சு, மிச்சம் பாறை. ரெண்டு பாம்புல ஒண்ணு மண்ணுக்குள்ள புதைஞ்சு வாழ்ற வகை, அதுக்கு புதைய மண்ணே இல்ல. 1975ல பாத்தது தான் கடைசி. ஒரு விலங்க தொடாமலே எப்படி அழிக்கறதுன்னு கேட்டா நான் இந்த கதைய தான் சொல்லுவேன்.

இன்னொண்ணு, கசாரியா, தப்பிச்சிருச்சு. 1979ல கடைசி ஆடும் 1986ல கடைசி முயலும் அந்த தீவுல இருந்து போச்சு, அப்புறம் பனை முளைச்சது, பல்லி அரணை பெருகுச்சு, பாம்பும் பெருகுச்சு. 2012ல அதுல இருந்து 60 பாம்ப எடுத்து பக்கத்துல கன்னர்ஸ் குவாயின்ங்கற தீவுல விட்டாங்க, எல்லா முட்டையும் ஒரே கூடையில வேணாம்னு. இந்த கசாரியாவோட வாய கிட்ட பாத்தா அசந்துடுவீங்க. மேல் தாடை எலும்பு ரெண்டா பிரிஞ்சு நடுவுல கீல் வச்ச மாதிரி மடங்கும், வேற எந்த பாம்புக்கும் இல்லாத அமைப்பு, இந்த குடும்பத்துக்கு மட்டும் தான். அரணையோட உடம்பு உருண்டையா, வழவழன்னு, ஓடு மாதிரி கெட்டியா இருக்கும்ல, சாதாரண பாம்பு பல்லு வழுக்கும், இது பாட்டில் மூடிய விரல் வளச்சு புடிக்கற மாதிரி முன்னாடியும் பின்னாடியும் வளச்சு கவ்விடும். இதுவும் பகல்ல கருத்து ராத்திரி வெளுக்கும்.

மிருகக்காட்சி சாலைல வளத்து திரும்ப விடறது நடக்குமான்னா, நடந்திருக்கு. போர்ட்டோ ரிக்கோ பக்கம் காயோ ரத்தோனெஸ்னு ஒரு திட்டு, பேருக்கு அர்த்தமே எலித் திட்டு. 1985ல அந்த எலிய எல்லாம் ஒழிச்சிட்டு 1993ல இருந்து மிருகக்காட்சி சாலைல பொறந்த விர்ஜின் ஐலண்ட்ஸ் போவா 41 விட்டாங்க, 2004ல எண்ணினப்ப சுமார் 500. வரிசைய கவனிங்க, முதல்ல எலிய எடுத்தாங்க, அப்புறம் தான் பாம்ப விட்டாங்க.

இப்ப வீட்ல வளக்கறது. முதல் வார்த்தை லொக்காலிட்டி, அதாவது பாம்போட பூர்வீக இடம். தீவு தான் அந்த பாம்ப செஞ்சதுன்னு இவ்ளோ நேரம் சொன்னேன்ல, அப்ப எந்த தீவுங்கற பதிவு இல்லாத பாம்பு வெறும் சின்ன போவா. ஹாக் ஐலண்ட் போவாவ கொலம்பியா பக்கத்து போவாவோட சேத்து குட்டி எடுத்து அதையும் ஹாக் ஐலண்ட்னே வித்தவங்க உண்டு, ரெண்டு தலைமுறை போனா போட்டோ பாத்து யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, அதனால தாய் தகப்பன் யாரு, அவங்க எங்க இருந்து வந்தாங்கன்னு பேப்பர் கேளுங்க. வாங்கறதுக்கு முன்னாடி சட்டமும் பாருங்க. எல்லா போவாவும் குறைஞ்சது சைட்டீஸ்ங்கற சர்வதேச வனவிலங்கு வியாபார ஒப்பந்தத்தோட ரெண்டாம் பட்டியல்ல இருக்கு, ஜமைக்கா, போர்ட்டோ ரிக்கோ, மடகாஸ்கர், ரவுண்ட் ஐலண்ட் வகைங்க எல்லாம் முதல் பட்டியல், அது நாடு தாண்டி வியாபாரமே பண்ணக்கூடாத லிஸ்ட். உங்க நாட்டு சட்டம் இதுக்கு மேலயும் இறுக்கமா இருக்கலாம்.

பராமரிப்புல ஹாக் ஐலண்ட் போவா கஷ்டமான பாம்பு இல்ல. கூண்டோட ஒரு பக்கம் 31, 32 டிகிரி, மறு பக்கம் 26 கிட்ட, நடுவுல அது இஷ்டத்துக்கு நகரட்டும், ஏறிப் படுக்க ஒரு கிளை, ஒளிஞ்சுக்க ரெண்டு பெட்டி, தண்ணி. தப்பு நடக்கறது எல்லாம் சாப்பாட்டுல. பாம்பு சின்னதா இருக்கே, சரியா சாப்பிடலயோன்னு வாராவாரம் எலி போடுவாங்க, அதுவும் போட்டதெல்லாம் வாங்கிக்கும், ஏன்னா வலசை பறவை வந்து இறங்கினா கிடைச்சத தின்னு வைங்கற ஊர்ல இருந்து வந்த உடம்பு, வேணாம்னு சொல்லத் தெரியாது. நீளம் வராது, கொழுப்பு தான் வரும். வளந்த பாம்புக்கு மூணு நாலு வாரத்துக்கு ஒரு சின்ன இரை தாராளம். கரீபியன் குட்டி வகைங்கள்ல தலைவலி வேற மாதிரி, பொறந்த குட்டிக்கு எலின்னா என்னன்னே தெரியாது, பல்லி தான் சாப்பாடு, அதனால எலிக்குட்டி மேல பல்லி வாசனைய தடவி ஏமாத்தித் தான் பழக்கணும்.

நோய்ல பயப்பட வேண்டியது ஐபிடி, அதாவது இன்க்ளூஷன் பாடி டிசீஸ். ரெப்டரெனா வைரஸால வர்றது, மருந்து கிடையாது, தின்னத கக்கும், தலைய நேரா வச்சுக்க முடியாம மேல பாத்துக்கிட்டே இருக்கும், ஆனா சில போவா ஒரு அறிகுறியும் காட்டாம வருஷக்கணக்குல சுமந்துக்கிட்டு திரியும். அதனால புதுசா வந்த பாம்ப வேற ரூம்ல சில மாசம் தனியா வைங்க, டெஸ்ட் எடுங்க, செதில் இடுக்குல உண்ணி இருக்கான்னு பாருங்க. "நான் வீட்ல நாலு குட்டி எடுத்துட்டேன், இனத்த காப்பாத்தறேன்"னு சொல்றவங்கள நான் நம்பறதில்லங்கறதுக்கும் இது ஒரு காரணம், இப்படி நோய சுமந்த பாம்ப எந்த தீவும் திரும்ப வாங்காது.

வளத்து அலுத்துப்போய் வெளிய விடற ஆளுங்க இருக்காங்களே, அவங்களுக்கு கொசுமெல் கதை. மெக்சிகோவோட அந்த தீவுல போவாவே கிடையாது, 1971ல ஒரு சில பாம்ப கொண்டு போய் விட்டாங்க, இப்ப தீவு பூரா போவா, அங்க மட்டுமே இருக்கற பறவையும் எலியும் அதோட வாயில. கரீபியன் கடல்ல இருக்கற அரூபா தீவுல 1999ல முதல்ல தென்பட்டுச்சு, அங்கயும் இதே தான். ஒரு தீவுல காப்பாத்த வேண்டியது இன்னொரு தீவுல கீரி மாதிரி ஆயிடும்.

கடைசியா புதுசா கிடைச்ச ஒண்ணு. 2015ல பஹாமாஸ்ல மனுஷங்க யாரும் குடியில்லாத கன்செப்ஷன் தீவுல கிரஹாம் ரெனால்ட்ஸ்ங்கறவரோட குழு ராத்திரி தேடறப்ப ஒரு வெள்ளிப் பனை மரத்துல வெள்ளி கலர்ல சுமார் ஒரு மீட்டர் போவா ஒண்ணு கிடைச்சுது. 2016ல சில்வர் போவான்னு பேர் வச்சாங்க. மொத்தமே ஆயிரத்துக்கு கீழ தான் இருக்கும்னு கணக்கு, அந்த தீவுல காட்டுப் பூனையும் சுத்துது. அங்க ஒரு ட்ரிப்ல ரெனால்ட்ஸ் கடற்கரையில படுத்து தூங்கிட்டு இருக்கறப்ப ஒரு சில்வர் போவா காட்டுல இருந்து இறங்கி வந்து நேரா அவரு தலை மேல ஏறிடுச்சு. வந்தது பூனையா மனுஷனான்னு எல்லாம் அதுக்கு ஒரு யோசனையும் இல்ல.